பிஎஸ்4-ல் சைபர்பங்க் 2077: யார் சொல்வதை நம்புவது?

நண்பரே, தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் சைபர்பங்க் 2077 வீடியோ கேமின் பழைய டிஸ்க் மலிவாக வருகிறது, விமர்சகர்கள் புகழ்கிறார்கள், வாங்கியவர்களோ கழுவி ஊற்றுகிறார்கள், யாரை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். உங்களிடம் இருப்பது பிஎஸ்4, அதாவது சோனியின் பிளேஸ்டேஷன் 4 கேம் மெஷின். விஷயமே அங்கேதான்.

2020 டிசம்பரில் முதலில் வந்த விமர்சனங்கள் பிசியில் ஆடி எழுதியவை. பிஎஸ்4 பதிப்பை முன்கூட்டியே விமர்சகர்களிடம் கொடுக்கவே இல்லை. (ஏன் என்று ஊகிக்கப் பெரிய மூளை வேண்டாம்.) வந்தபோது கார்கள் கண்ணெதிரே முளைத்தன, சுவர்கள் மங்கலாகவே நின்றன, ஆட்டம் பாதியில் கழன்றுகொண்டது. ஒரு வாரத்தில் சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. 2021 ஜூனில்தான் திரும்பியது. ஆக, இரு தரப்பும் பொய் சொல்லவில்லை.

2023-ல் பாராட்டு வாங்கிய 2.0 அப்டேட் பிஎஸ்4-க்குக் கிடையாது, அதனால் அந்தப் புகழ்ச்சியை விட்டுவிடுங்கள். 1.6 அப்டேட் வரை ஏற்றினால் ஓரளவு ஓடும், ஆனால் டவுன்லோடு பல ஜிபி. மொபைல் டேட்டாவில் கஷ்டம். வாங்குவதென்றால் பெட்டிக்குள் இரண்டு டிஸ்க்கும் இருக்கிறதா பாருங்கள். நானாக இருந்தால் அந்தக் காசுக்கு விட்சர் 3 கேமை வாங்குவேன். சைபர்பங்க் செய்த அதே நிறுவனம், 2015-ல் பிஎஸ்4 தலைமுறைக்கென்றே செய்தது.