மகள் முதலில் பார்த்தது உங்கள் முகத்தை

அன்புள்ள அம்மா,

உங்கள் மகளுக்கு ஐவி லீக் கல்லூரிகளில் இடம் கிடைக்கவில்லை என்று நேற்றிரவு அரை மணி நேரம் தொலைபேசியில் பேசினோம். "நாங்கள் எங்கே தவறவிட்டோம்?" என்று அதற்குள் நான்கு முறை கேட்டுவிட்டீர்கள். மகள் என்ன சொல்கிறாள் என்று நான் கேட்டதற்கு, "கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறாள்" என்றீர்கள். அந்தச் சாத்திய கதவை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

மார்ச் மாதக் கடைசியில், ஐவி லீக் எனப்படும் அமெரிக்காவின் புகழ்பெற்ற எட்டுக் கல்லூரிகளும் ஒரே மாலையில் சேர்க்கை முடிவுகளை வெளியிடுகின்றன. பிள்ளை மடிக்கணினியைத் திறக்கிறாள், வருத்தம் தெரிவிக்கும் அந்த முதல் வரியைப் படிக்கிறாள், உடனே தலையைத் திருப்பிப் பின்னால் நிற்கும் அம்மா அப்பாவின் முகத்தைப் பார்க்கிறாள். கல்லூரிச் சேர்க்கை ஆலோசனைக்கு என்னிடம் வரும் மாணவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். மறுப்புக் கடிதத்தின் வாசகம் ஒருவருக்கும் நினைவில் இருப்பதில்லை. "அப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார்", "அம்மா ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டார்" என்பது மட்டும் அப்படியே இருக்கிறது.

உங்கள் வருத்தத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. விடியற்காலையில் எழுந்து நீச்சல் பயிற்சிக்குக் கார் ஓட்டியவர் நீங்கள். அழ வேண்டுமென்றால் அழுதுவிடுங்கள். கணவரிடம் அழுங்கள், அக்காவிடம் அழுங்கள், என்னைக் கூப்பிடுங்கள். மகள் முன்னால் மட்டும் வேண்டாம். தன் ஏமாற்றத்தையே தூக்க முடியாமல் இருப்பவள், உங்களுடையதையும் சேர்த்துச் சுமக்கத் தொடங்கிவிடுவாள். பிறகு உங்களைத் தேற்றுவதற்காகவே, "எனக்கு ஒன்றுமில்லை அம்மா" என்று பொய் சொல்வாள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தந்தை இரண்டு பக்க அட்டவணையை அச்செடுத்துக் கொண்டுவந்தார். ஒரு பத்தியில் தன் மகளின் மதிப்பெண்களும் பரிசுகளும். பக்கத்துப் பத்தியில், இடம் கிடைத்த வகுப்புத் தோழனுடையவை. எந்த வரியில் தோற்றோம் என்று நான் விரல் வைத்துக் காட்ட வேண்டும் என்றார். அருகில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் தன் காலணியின் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாகவே இருந்தாள். நான் அந்தத் தாள்களை மடித்து மேசைக்குள் வைத்தேன். அதில் விடை இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஏன் இல்லை என்பதைச் சொல்கிறேன். அந்த எட்டில் ஒன்றான ஹார்வர்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2020இல் சேர்வதற்கு அங்கே வந்த விண்ணப்பங்கள் 40,248. நோய்த்தொற்றுக் காலத்தில் எஸ்ஏடி போன்ற பொதுத் தேர்வு மதிப்பெண் கட்டாயமில்லை என்றானதும், அடுத்த ஆண்டே அது 57,435 ஆனது. இடங்கள் அந்த அளவுக்குக் கூடவில்லை. 2024இல் சேர 54,008 பேர் விண்ணப்பித்தார்கள்; அனுமதி 1,937 பேருக்கு, அதாவது நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு. அந்தச் சிலரையும் மதிப்பெண் வரிசைப்படி எடுப்பதில்லை. விளையாட்டு அணிக்கு ஆள் வேண்டும், இசைக்குழுவுக்கு ஆள் வேண்டும், எந்தத் துறையில் மாணவர் குறைகிறார்கள் என்று பார்க்க வேண்டும். அந்த ஆண்டு கல்லூரிக்கு என்ன தேவைப்பட்டது என்பது உங்கள் வீட்டில் இருந்தபடி கண்டுபிடிக்கக்கூடிய செய்தி அல்ல. ஆகவே "அந்த விண்ணப்பக் கட்டுரையை வேறு மாதிரி எழுதியிருந்தால்" என்ற பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். அது அவள் காதில் "நீ சரியாகச் செய்யவில்லை" என்றுதான் விழும்.

எதிர்காலமே போய்விட்டதா என்று கேட்டீர்கள். இல்லை. ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரு பொருளியலாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் ஆராய்ந்தது. ஒரே தரமான கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, ஒரே மாதிரி முடிவுகளைப் பெற்ற மாணவர்களை ஒப்பிட்டபோது, அதிகப் போட்டியுள்ள கல்லூரியில் படித்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் பிற்கால வருமானத்தில் பொதுவாகப் பெரிய வேறுபாடு இல்லை. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பலன் இருந்தது. மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது: பொருளியலாளர் ராஜ் செட்டி குழுவினரின் 2023ஆம் ஆண்டு ஆய்வு, சராசரி வருமானம் பெரிதாக மாறாவிட்டாலும், மிக உச்சத்து வருமானத்தை எட்டும் வாய்ப்பை அந்தக் கல்லூரிகள் கூட்டுகின்றன என்கிறது. அந்த உச்சிக்குப் போகத்தான் மகளை வளர்த்தீர்களா என்பதை நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். அனுமதி தந்த கல்லூரிகளில் ஒன்றுக்கு மே 1ஆம் தேதிக்குள் முன்பணம் கட்ட வேண்டும். ஒன்றுக்குத்தான், இரண்டு இடத்தில் கட்டி வைப்பது நேர்மையில்லை, தெரியவந்தால் இரண்டும் போகலாம்.

அவள் பெயர் ஒரு கல்லூரியின் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது என்றீர்கள். அங்கேயே கண்ணை வைத்துக்கொண்டிருக்காதீர்கள். பல கல்லூரிகள் தங்கள் புள்ளிவிவரங்களைக் காமன் டேட்டா செட் என்ற ஆவணமாக வெளியிடுகின்றன. அதில் சி2 என்ற பகுதியைப் பாருங்கள்: எத்தனை பேரைப் பட்டியலில் வைத்தார்கள், எத்தனை பேரைக் கடைசியில் எடுத்தார்கள் என்று இருக்கும். சில ஆண்டுகளில் ஒரே கல்லூரி நூற்றுக்கணக்கில் எடுக்கும், சில ஆண்டுகளில் ஒருவரைக்கூட எடுக்காது. விருப்பம் இருந்தால் அவளே ஒரு பக்கக் கடிதம் எழுதட்டும்: விண்ணப்பம் அனுப்பிய பின் செய்தது என்ன, இடம் கிடைத்தால் வருவாளா என்பது போதும். நீங்கள் சேர்க்கை அலுவலகத்துக்குப் போன் செய்ய வேண்டாம். அது அவளுக்கு உதவாது.

நீங்கள் பேச வேண்டிய இடம் நிதி உதவி அலுவலகம். உதவிக் கடிதத்தில் மானியத்தையும் கடனையும் ஒரே கூட்டுத்தொகையாகக் காட்டியிருக்கலாம். கடனைக் கழித்துவிட்டு, நான்கு ஆண்டுக்கு உண்மையில் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். வேலை இழப்போ பெரிய மருத்துவச் செலவோ நேர்ந்திருந்தால், சான்றுகளோடு மறுபரிசீலனை கேட்கலாம். கேட்பதில் கூச்சமே வேண்டாம். பள்ளியின் கடைசி மாத மதிப்பெண்களும் விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்; இறுதிச் சான்றிதழைப் பார்த்து அனுமதியைத் திரும்பப் பெறும் உரிமை கல்லூரிக்கு உண்டு.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்காதீர்கள். இரண்டு வாரம் கழித்தும் அவள் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், தோழிகளைத் தவிர்த்தால் பள்ளி ஆலோசகரையும் மருத்துவரையும் பாருங்கள். உயிரை வெறுத்துப் பேசினால் அந்த நிமிடமே 988 என்ற அமெரிக்கத் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள்.

இன்று மாலை கதவைத் தட்டும்போது கல்லூரிப் பேச்சு வேண்டாம். வெளியே நடந்துவர அழையுங்கள், வராவிட்டால் நாளை அழையுங்கள். சனிக்கிழமை மூவரும் வாருங்கள். அவளுக்கு இடம் தந்த மூன்று கல்லூரிகளின் கடிதங்களையும் எடுத்து வாருங்கள். முதலில் அவற்றை அவளே வாசிக்கட்டும்.