அந்த வார்டில் அப்பாவுக்கு என்ன வேலை?

அன்புள்ள அண்ணா,

எங்களுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்து ஒன்பது நாள் ஆகிறது. 33 வாரத்திலேயே பிறந்துவிட்டார்கள். தஞ்சாவூரில் பச்சிளங்குழந்தைகள் சிறப்பு வார்டில் இருக்கிறார்கள். பையன் 1,380 கிராம். ஆக்ஸிஜனை நேற்றுதான் எடுத்தார்கள், மஞ்சள் காமாலைக்காக மூன்று நாள் நீல விளக்கில் கிடந்தான், இன்னும் குழாயில்தான் பால். பெண் பரவாயில்லை. மனைவி இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பால் பீய்ச்சிக் கொடுக்கிறாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்து, கூப்பிட்டால் மருந்துச் சீட்டோடு ஓடுகிறேன். ஊரில் குறுவை அறுப்பு நிற்கிறது. இங்கே இருந்து என்ன கிழிக்கிறேன் என்று இருக்கிறது. கொஞ்சம் சர்க்கரைத் தண்ணி கொடுத்தால் தெம்பாகும் என்கிறாள் அம்மா. என்ன செய்ய?

(பெயர் வேண்டாம்), பாபநாசம் பக்கம்

அன்புள்ள தம்பி,

முதலில் அந்தச் சர்க்கரைத் தண்ணி: வேண்டாம். தேனும் வேண்டாம், கழுதைப்பாலும் வேண்டாம். அம்மாவோடு சண்டை போடாமல் டாக்டர் திட்டுவார் என்று பழியை அவர் தலையில் போட்டுவிடுங்கள், நான் அப்படித்தான் தப்பித்தேன்.

என் மகள் 32 வாரத்தில் பிறந்தவள். அந்த பெஞ்சு எனக்கும் தெரியும். முதல்முறை உள்ளே விட்டபோது அரை நிமிஷத்தில் மானிட்டர் அலற, நான் அதற்கு மேல் அலறினேன். நர்ஸ் வந்து, ஆக்ஸிஜன் அளவு பார்க்கப் பாதத்தில் சுற்றியிருந்த சிவப்பு வெளிச்சப் பட்டையைச் சரியாக ஒட்டிவிட்டுப் போனார். பிள்ளை உதைத்ததில் நழுவியிருக்கிறது, அவ்வளவுதான். அப்புறம் ஒரு வாரம் உள்ளே போகவே பயந்து, மருந்துக் கடைக்கு ஓடுவதையே பெரிய கடமையாக வைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் அப்படி இருக்காதீர்கள். நாளைக்கு ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம், "நான் கங்காரு முறையில் வைத்துக்கொள்ளலாமா" என்று நீங்களே கேளுங்கள். பிள்ளைக்குச் சூடு கிடைக்க நம் வெறும் நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொள்வதுதான் கங்காரு முறை. 1978 வாக்கில் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஒரு ஆஸ்பத்திரியில், வேறு வழியில்லாமல் ஆரம்பித்தது அது. இன்று உலக சுகாதார நிறுவனமே, ஒரு நாளில் 8 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரை எவ்வளவு முடியுமோ அவ்வளவு என்கிறது. இரண்டு பிள்ளை, ஒரு அம்மா, நடுவில் பால் பீய்ச்சுவது வேறு. கணக்குப் போட்டுப் பாருங்கள், உங்கள் வேலை என்ன என்று தெரியும். அப்பா நெஞ்சும் சூடுதான். குளித்துவிட்டு, சென்ட் கிண்ட் போடாமல், முன்பக்கம் திறக்கிற சட்டையோடு போங்கள். டயப்பரும் குல்லாவும் காலுறையும் மட்டும் போட்ட பிள்ளையைத் தவளை மாதிரி கைகாலை மடக்கி, தலையை ஒரு பக்கம் திருப்பி, நெஞ்சோடு நிமிர்த்தி வைத்துத் துணியால் கட்டிவிடுவார்கள். அது மூச்சு விடுவது உங்கள் விலாவில் தெரியும். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு முடியைப் பிடித்து இழுக்கும், நன்றாக வலிக்கும்.

குழாய்க்குக் கலங்காதீர்கள். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் ஒன்றாகப் பழக, கர்ப்பக் கணக்கில் 34 வாரம் போல ஆகும். அடுத்து பாலாடை, நம் பாட்டிமார் வைத்திருந்த அதே மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்தான். அதைப் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்; வாயில் கவிழ்க்கக் கூடாது, உதட்டோரம் சாய்த்துப் பிடித்தால் பிள்ளை தானாகக் குடிக்கும். இன்னொன்று, பிறந்த 30 நாளுக்குள் கண் பரிசோதனை இருக்கிறது. குறைமாதப் பிள்ளைகளுக்கு விழித்திரையில் வரும் கோளாறு வெளியே தெரியாது, அந்தத் தேதியை அறுப்பு, நடவு என்று தள்ளிப்போடாதீர்கள். அறுப்புக்கு மிஷின் வரும், மச்சான் நிற்கட்டும்.

சரி, ஒன்று கேட்க வேண்டும். பையனைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், எடைகூட கிராம் சுத்தமாக. பெண்ணுக்கு 'பரவாயில்லை' என்று ஒரே வார்த்தை. நோஞ்சான் பக்கம் மனசு ஓடும், தப்பில்லை. ஆனால் டாக்டர் சரி என்றால் முதலில் அவளை நெஞ்சில் வையுங்கள். அவள் எடை எவ்வளவு?