சுக்கான் யார் கையில்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பாம்பனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஒரு விசைப்படகு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் படகு கரையில்தான் கிடக்கும். இந்த முறை புரொஜெக்டர் வாடகைக்கு எடுத்து வாரம் ஒரு ரோபோ படம் போடலாம் என்று நண்பர்கள் முடிவு செய்தோம். 'எந்திரன்', 'டெர்மினேட்டர்', 'மேட்ரிக்ஸ்' என்று பட்டியல் போட்டோம்.

பட்டியலைப் பார்த்த எங்கள் பெரியப்பா, "மெஷினு நம்மள அடிக்க வருமுன்னு என்னத்துக்குடா பயப்படுறீங்க? ஜிபிஎஸ் ஒரு ராத்திரி அணைஞ்சுபோனா உங்கள்ல எத்தன பேரு கரையப் புடிப்பீங்க?" என்றார். அவர் காலத்தில் காம்பஸும் வெள்ளியும் பார்த்து ஓடியவர். எங்களில் யாரும் பதில் சொல்லவில்லை.

ரோபோ கெட்டுப்போய் ஆளைக் கொல்கிற கதையை விட்டால் வேறு கதை சினிமாவுக்குத் தெரியாதா? மனிதன் இயந்திரத்தையே நம்பிக் கிடப்பதைச் சரியாகச் சொன்ன படங்கள் எவை? என்ன படங்கள் போடலாம் என்றும் சொல்லுங்கள்.

ந., பாம்பன்

அன்புள்ள ந.,

உங்கள் பெரியப்பா கேட்ட கேள்வியை ரோபோ படங்களில் முக்கால்வாசி கேட்டதே இல்லை. காரணம் எளிது. ரோபோ எதிர்த்தால் கதாநாயகனுக்கு ஓர் எதிரி கிடைக்கிறான், கடைசி அரைமணி நேரத்துக்குச் சண்டை கிடைக்கிறது. இருபது வருடம் ஒழுங்காக உழைத்த இயந்திரம் ஒருநாள் சத்தமில்லாமல் நின்றுபோனால் யாரோடு சண்டை போடுவது? ஆனால் நிஜத்தில் ஆளைக் கவிழ்ப்பது இந்த இரண்டாவது வகைதான். அதைத் தொட்ட படங்கள் குறைவு என்றாலும் இருக்கின்றன.

முதலில் ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: ஏ ஸ்பேஸ் ஒடிஸி' (1968). ஹால் 9000 என்ற கணினி கொலைகாரனாவதைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் வருவதைக் கவனியுங்கள். விண்கலத்தின் ஆன்டெனாவை பூமியை நோக்கித் திருப்பி வைக்கும் ஏஇ-35 என்ற சிறிய பாகம் 72 மணி நேரத்துக்குள் பழுதாகிவிடும் என்கிறது ஹால். வெளியே போய்க் கழற்றிக்கொண்டு வந்து சோதிக்கிறார்கள், ஒரு குறையும் இல்லை. அப்படியானால் திரும்ப மாட்டிவிட்டுப் பழுதாகும்வரை விடலாம் என்று ஹாலே யோசனை சொல்கிறது. பூமியில் இருக்கும் அதே ரகத்துக் கணினியோ ஹால் சொல்வது தவறு என்கிறது. விண்வெளி வீரர்கள் இருவரும் ஹாலுக்குக் கேட்காமல் பேசுவதற்காக ஒரு சின்ன ஓடத்துக்குள் போய்க் கதவை மூடிக்கொள்கிறார்கள். கலத்தில் ஹாலின் கட்டுப்பாட்டுக்கு வெளியே ஒரு வேலைகூட இல்லை என்ற பேச்சு அங்கேதான் வருகிறது. கண்ணாடி வழியாக அவர்களுடைய உதட்டசைவை ஹால் படித்துக்கொண்டிருக்கிறது. என் கணக்கில் படத்தின் பயங்கரம் அத்தோடு முடிந்துவிட்டது. பின்னால் நடக்கும் கொலைகளெல்லாம் அந்த ஒரு வரியின் விளைவு. குப்ரிக்கும் இடைவேளை விட்டது அங்கேதான்.

1995 ஜூன் மாதம் கடலில் நடந்த ஒன்றை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் ஆன்டெனாதான். 'ராயல் மெஜஸ்டி' என்ற பயணிகள் கப்பல் 1,500க்கு மேற்பட்ட ஆட்களோடு பெர்முடாவிலிருந்து அமெரிக்காவின் பாஸ்டனுக்குக் கிளம்பியது. கிளம்பிய ஒரு மணி நேரத்துக்குள் ஜிபிஎஸ் ஆன்டெனாவின் கேபிள் இணைப்பிலிருந்து கழன்றுகொண்டது. கருவி ஒரு விநாடி கீச்சென்று கத்திவிட்டு உத்தேசக் கணக்குக்கு மாறிவிட்டது. அதாவது காம்பஸ் காட்டும் திசையையும் கப்பலின் வேகத்தையும் வைத்து, 'இந்நேரம் இங்கே இருக்க வேண்டும்' என்று தானே ஊகித்துச் சொல்லும். காற்றும் நீரோட்டமும் அந்தக் கணக்கில் வராது. திரையின் ஓரத்தில் 'டிஆர்' (டெட் ரெக்கனிங், அதாவது உத்தேசக் கணக்கு) என்று இரண்டு பொடி எழுத்து வந்து உட்கார்ந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. ஆட்டோபைலட்டுக்கும் அந்த மாற்றம் தெரியவில்லை, வந்த எண்ணை நம்பி ஓட்டிக்கொண்டே இருந்தது.

அதிகாரிகள் சோம்பேறிகள் அல்லர். மணிக்கு ஒருமுறை ஜிபிஎஸ் எண்ணை எடுத்து வரைபடத்தில் புள்ளி வைத்தார்கள். ஒவ்வொரு புள்ளியும் கோட்டின் மேலேயே விழுந்தது. விழாமல் என்ன செய்யும்? கப்பலை ஓட்டுவதும் அதே எண், சரிபார்ப்பதும் அதே எண். தரையிலிருந்து வரும் ரேடியோ அலைகளை வைத்து இடம் காட்டும் லோரான்-சி என்ற இன்னொரு கருவி வேலை செய்துகொண்டுதான் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரின் எச்சரிக்கை மணி 0 மீட்டரில் வைக்கப்பட்டிருந்தது, அதாவது தரை தட்டியபிறகுதான் அடிக்கும். கடைசி நேரத்தில் காவலுக்கு நின்ற மாலுமிகள் உயரத்தில் சிவப்பு விளக்குகள் தெரிவதாகச் சொன்னார்கள். அமெரிக்கக் கரைக்குப் பக்கத்து நான்டக்கெட் தீவின் ரேடியோ கோபுர விளக்குகள் அவை. இரவில் ராமேஸ்வரம் டிவி டவரின் சிவப்பு விளக்குகளைப் பார்ப்பீர்களே, அப்படி. பிறகு நேர் எதிரே தண்ணீர் நீலமும் வெள்ளையுமாகத் தெரிகிறது என்றும் சொன்னார்கள். நிறம் மாறினால் அடியில் திட்டு என்று உங்கள் ஊரில் சின்னப் பையனுக்கும் தெரியும். கப்பலை ஓட்டும் மேல்தட்டு அறையில் நின்ற அதிகாரி திரையை நம்பினார். ஏறத்தாழ 34 மணி நேரம் ஓடியபின் கப்பல் மணல்திட்டில் ஏறி நின்றது. இருப்பதாக நினைத்த இடத்துக்கும் இருந்த இடத்துக்கும் 17 மைல் வித்தியாசம். தனுஷ்கோடியில் நின்று பார்த்தால் எல்லைக்கோட்டைத் தாண்டித் தலைமன்னாருக்கே போய்ச் சேருகிற தூரம் அது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

கணினி பகைத்துக்கொள்ளவில்லை, பொய்கூடச் சொல்லவில்லை. ஊகம்தான் காட்டுகிறேன் என்று இரண்டு எழுத்தில் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தது. இதைப் படமாக எடுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும், யோசியுங்கள்.

லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983ல் எழுதிய ஒரு கட்டுரை இதன் அடிவேரைக் காட்டுகிறது. சுலபமான வேலையை இயந்திரத்திடம் கொடுத்துவிடுகிறோம். மனிதனுக்கு மிஞ்சுவது இரண்டு வேலை: சும்மா உட்கார்ந்து கண்காணிப்பது, இயந்திரம் கைவிட்டதும் ஏற்றுக்கொள்வது. முதல் வேலையை மனித மூளையால் அரைமணி நேரத்துக்கு மேல் ஒழுங்காகச் செய்ய முடியாது. இரண்டாவது வருவதோ ஆகக் கஷ்டமான நேரத்தில், அதற்குள் கைப்பழக்கமும் போயிருக்கும். 2009 ஜூன் 1ல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில் இதுதான் நடந்தது. வேகம் அளக்கும் குழாய்களில் பனிக்கட்டி அடைத்தது, ஆட்டோபைலட் விலகிக்கொண்டது. பெரிய இயந்திரக் கோளாறு வேறெதுவும் இல்லாத விமானம் அது. நாலரை நிமிடத்துக்குள் 228 பேரும் போனார்கள்.

இதற்காக எல்லாரும் பழைய காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லவில்லை. பாம்பன் பழைய பாலத்தின் தூக்குப் பகுதியை ஆட்கள் நின்று கையால் இயக்கித் திறந்ததை உங்கள் ஊரில் எல்லாரும் பார்த்திருப்பார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டை மோட்டார் செங்குத்தாகத் தூக்குகிறது. கையால் சுற்றியதே மேல் என்று சுற்றியவர்களே சொல்லமாட்டார்கள். கருவி இருக்கட்டும். அது தப்பாகச் சொல்வதைக் கண்டுபிடிக்க, அதைச் சாராத இன்னொரு சாட்சி வேண்டும் என்பதுதான் விஷயம்.

படகில் இதற்குப் பெரிய செலவு இல்லை. தடைக்காலத்திலேயே ஆன்டெனா கேபிளின் இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்றில் செம்பு பச்சை பூத்திருந்தால் சிக்னல் விட்டுவிட்டு வரும், அதைவிட ஒரேயடியாகச் செத்துப்போவது நல்லது. சுத்தம் செய்து, காயவைத்து, ரப்பர் டேப் சுற்றுங்கள். கேபிளின் பாரம் இணைப்பில் தொங்காதபடி கம்பியோடு கட்டுங்கள். இணைப்புக்கு முன்னால் கேபிளை ஒரு வளைவாகக் கீழே தொங்கவிட்டால் வழிகிற தண்ணீர் உள்ளே போகாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். காம்பஸுக்குப் பக்கத்தில் செல்போன், ஸ்பீக்கர், இரும்புச் சாமான் எதுவும் கூடாது. முள் கொஞ்சம் விலகிக் காட்டினால் கண்ணுக்குத் தெரியாது, பத்து மைலில் தெரியும்.

ஓடும்போது மணிக்கு ஒருமுறை நேரம், காம்பஸ் திசை, வேகம், ஆழம் நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். திரை அணைந்தால் கடைசியாக எங்கே இருந்தோம் என்பதாவது கையில் இருக்கும். செல்போனை இரண்டாவது சாட்சியாக எண்ணாதீர்கள். அதுவும் அதே செயற்கைக்கோள்களைத்தான் கேட்கிறது. வானத்து சிக்னலையே யாராவது கெடுத்தால் இரண்டும் சேர்ந்தே பொய் சொல்லும். காம்பஸ், பாம்பன் கலங்கரை விளக்கம், தண்ணீரின் ஆழம், இவை தனித்தனிச் சாட்சிகள். ஆனால் பாக் நீரிணையில் ஆழம் மட்டும் போதாது, பெரும்பாலும் 15 மீட்டருக்குள்ளேயே ஒரே சீராகக் கிடக்கிற கடல் அது. பழைய மாலுமிகள் ஈயக்குண்டின் அடியில் குழி விட்டு அதில் கொழுப்பை அப்பி இறக்குவார்கள். அடியில் சேறா, மணலா, சிப்பியா என்பது ஒட்டிக்கொண்டு வரும். கொழுப்புக்குப் பதில் சோப்பும் போதும்.

பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க ஒரு வழி: பகலில் கரைக்குத் திரும்பும்போது திரையை ஒரு துண்டால் மூடிவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். நோட்டைப் பார்த்து எங்கே இருக்கிறோம் என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுங்கள். வித்தியாசம் அன்றைய காற்றும் நீவாடும் (நீரோட்டமும்) உங்களைத் தள்ளிய தூரம். இதை எல்லைக்கோட்டுப் பக்கம் செய்யவே கூடாது.

சரி, படங்களுக்கு வருகிறேன். உங்கள் கூட்டத்துக்கு முதல் படம் 'வால்-இ' (2008). குழந்தைகள் படம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். குப்பையாகிப்போன பூமியை விட்டு மனிதர்கள் 700 வருடமாக ஒரு விண்கப்பலில் மிதக்கிறார்கள். நாற்காலியே நகர்கிறது, சாப்பாடு கோப்பையில் வருகிறது. கேப்டனுக்கு மிஞ்சிய ஒரே வேலை காலை அறிவிப்பு வாசிப்பது. கப்பலை ஓட்டுவது 'ஆட்டோ' என்ற ரோபோ. அதன் உருவத்தைக் கவனியுங்கள்: சுக்கான் சக்கரமேதான் ரோபோ. சக்கரத்தைப் பிடிக்க வேண்டுமானால் சக்கரத்தோடேயே மல்லுக்கட்ட வேண்டும். ஆட்டோவும் வில்லன் அல்ல. பூமிக்குத் திரும்பாதே என்று என்றோ ஒருவர் கொடுத்த கட்டளையை, கொடுத்தவர் செத்து நூற்றாண்டுகள் ஆனபின்னும் அப்படியே நிறைவேற்றுகிறது. கேப்டன் எழுந்து நின்று நடக்கிற இடத்தில் கைதட்டல் விழும். அது மட்டும் சினிமாத்தனம். விண்வெளி நிலையத்தில் ஆறு மாதம் இருப்பவர்களே எலும்பும் தசையும் கரையாமலிருக்கத் தினமும் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள்.

'எந்திரன்' (2010) எல்லாரும் பார்த்ததுதான். ஆனாலும் ஒரே ஒரு காட்சியைத் தனியாகப் போட்டுக் காட்டுங்கள்: தீப்பிடித்த கட்டடம். குளித்துக்கொண்டிருந்த பெண்ணை சிட்டி அப்படியே தூக்கிக்கொண்டு கேமராக்களுக்கு நடுவே வருகிறான். அவமானம் தாங்காமல் ஓடியவள் வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். சொன்ன வேலையைப் பிசகாமல் செய்ததால் வந்த சாவு. சிவப்புச் சிப் வந்தபிறகு நடக்கும் அமர்க்களம் முழுவதையும்விட இந்த ஐந்து நிமிடம் எனக்குப் பெரிது. சங்கர் ஏன் இதை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போனார் என்பது டிக்கெட் விற்பவர்களுக்குத் தெரியும்.

கீழக்கரை, தொண்டிப் பக்கம் பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் தனியே என்ற வீடுகள் ஏராளம். அவர்களும் வருவார்களானால் மலையாளத்தின் 'ஆன்ட்ராய்டு குஞ்ஞப்பன்' (2019) போடுங்கள். தமிழில் 'கூகுள் குட்டப்பா' என்று வந்தது, மூலமே மேல். மகன் வெளிநாடு போக, அப்பாவைப் பார்த்துக்கொள்ள ரோபோ வருகிறது. முதலில் விரட்டும் கிழவர் பிறகு அதற்குச் சட்டை போட்டு ஊர்கோலம் கூட்டிப்போகிறார், திருப்பிக் கேட்டால் தரமாட்டேன் என்கிறார். ஏறக்குறைய இதே முடிச்சை 'ரோபாட் அண்ட் ஃபிராங்க்' (2012) இன்னும் கூர்மையாக அவிழ்க்கிறது. மறதிக்காரக் கிழவர், ஒருகாலத்துத் திருடர். மூளைக்கு வேலை கொடுத்தால் நல்லது என்பதால் திருட்டுக்கும் ரோபோ துணை போகிறது! கடைசியில் அதன் நினைவை அழித்தால்தான் அவர் தப்பிக்க முடியும். அழித்துவிடு என்று சொல்வதும் ரோபோதான். ஒன்றரை மணி நேரப் படம், முதியவர்கள் கடைசிவரை உட்காருவார்கள்.

'2001' அப்படியல்ல. முதல் 25 நிமிடம் வசனமே கிடையாது, சொல்லிவைக்காவிட்டால் பாதிக் கூட்டம் எழுந்து டீக்கடைக்குப் போய்விடும். அதை மூன்றாவது வாரம் வைத்து, இடைவேளையில் விளக்கைப் போட்டு, அந்த ஓடத்துக் காட்சியைப் பற்றிப் பேசவிடுங்கள். பெரியவர்கள் பேசட்டும், பையன்கள் கேட்கட்டும்.

'டெர்மினேட்டர்' வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சண்டையும் வேண்டும் என்றால் 'ரோபோகாப்' (1987) இன்னும் நல்லது. துப்பாக்கியைக் கீழே போட்டவனையும் சுட்டுத் தள்ளும் ஒரு ரோபோ, படிக்கட்டு இறங்கத் தெரியாமல் உருண்டு விழும். ரத்தம் ரொம்ப அதிகம், பிள்ளைகள் தூங்கப்போனபிறகு போடுங்கள்.

அன்புடன்.