பழைய மவுன்டன் பைக்கில் மோட்டார் கிட் மாட்டி தினமும் வேலைக்குப் போக முடியுமா?

முடியும். நான் மூன்று வருடத்துக்கு மேல் போய்க்கொண்டிருக்கிறேன். ஆனால் இங்கே ஏற்கெனவே வந்திருக்கும் பதில்களைப் படித்தேன். எத்தனை வாட், எத்தனை வோல்ட், ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் என்றே எல்லோரும் அளக்கிறார்கள். சக்கரத்தின் அச்சை, அதாவது ஆக்ஸிலை, இறுக்கும் நட்டைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. என் முன்பல் ஒன்று பாதிதான் இருக்கிறது. அந்த நட்டால் போனது அது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான்: வீட்டில் கியர் சைக்கிள் சும்மா நிற்கிறது, வேலைக்கு ஏழெட்டு கிலோமீட்டர், பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை, போலீஸ் பிடிப்பார்களா என்று தெரியவில்லை. உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று நினைக்கிறேன். ஆகியிருந்தால் இந்தக் கேள்விக்கு வீட்டிலேயே பதில் கிடைத்திருக்கும்.

எனக்கு வடசென்னையில் எர்ணாவூர். வேலை மணலியில், ஷிப்ட். மேம்பாலம் ஏறி இறங்கி மணலி விரைவுச் சாலையைப் பிடித்தால் ஆறரை கிலோமீட்டர். ராத்திரி ஷிப்டுக்கு பஸ்ஸை நம்பினால் பாதி நாள் லேட். பையன் பத்தாவதில் நல்ல மார்க் எடுத்தால் வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்து வாங்கிய சைக்கிள் ஒன்று இருந்தது. இருபத்தாறு இஞ்சு, முன்னால் சஸ்பென்ஷன், இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க். பதினொன்றாவது போனதும் துரைக்கு சைக்கிள் ஓட்டக் கூச்சம் வந்துவிட்டது. ஒரு வருடம் படிக்கட்டுக்கு அடியில் ஈரத்துணி காயப்போடத்தான் பயன்பட்டது.

2022-ல் அதை எடுத்தேன். முதலில் பார்த்தது பெட்ரோல் எஞ்சின் கிட்தான். 80 சிசி என்று விற்கிறார்கள், கணக்குப் போட்டால் 66 கிட்டத்தான் வரும். அது கிடக்கட்டும். மோட்டார் வாகனச் சட்டப்படி 25 சிசியைத் தாண்டினாலே அது மோட்டார் வாகனம். ஆர்.சி., நம்பர், இன்ஷூரன்ஸ் எல்லாம் வேண்டும். பட்டறையில் பூட்டிய சைக்கிளுக்கு எந்த ஆர்.டி.ஓ. நம்பர் கொடுப்பார்? விட்டுவிட்டேன்.

கரன்ட் மோட்டாருக்கு வேறு கணக்கு. மோட்டார் 250 வாட்டுக்குக் கீழே, வேகம் 25 கிலோமீட்டருக்குக் கீழே, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் என்பது மாதிரியான நிபந்தனைகளில் அடங்கினால் அதை மோட்டார் வாகனமாகவே விதி பார்ப்பதில்லை. லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம். "கிட் மேலே 250 என்றே போட்டிருக்கிறது, அது எப்படிக் 'கீழே' ஆகும்?" என்று ஒருவர் கமென்டில் வருவார். வாருங்கள். மோட்டாருக்குப் போகும் கரன்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் பெட்டியில் வேகத்தைக் கட்டி வைத்துத்தான் ஓட்டுகிறேன். கடையில் 350, 500 என்று ஆசை காட்டுவார்கள், மயங்காதீர்கள்.

கிட் 7,500 ரூபாய், 36 வோல்ட் பேட்டரி 11,000 ரூபாய். இது என் செலவு, இன்றைய விலையை நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கதைக்கு வருகிறேன். முன் சக்கரத்தில் மாட்டுவது சுலபம் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். பொய் இல்லை. செயினைத் தொட வேண்டாம், கியரைத் தொட வேண்டாம், பழைய சக்கரத்தைக் கழற்றி மோட்டார் இருக்கும் சக்கரத்தைச் சொருக வேண்டியதுதான். சொருகினேன், இறங்கவில்லை. முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் முனையில் ஆக்ஸில் உட்காரும் வெட்டு 9 மில்லி. மோட்டார் ஆக்ஸிலின் இரண்டு பக்கமும் தட்டையாகச் சீவிய இடம் 10 மில்லி. ஒரு மில்லிதானே என்று அரத்தை எடுத்து ராவினேன். ஞாயிற்றுக்கிழமை, மொட்டை மாடி, வெயில். இடது பக்கம் அளவாக வந்தது. வலது பக்கம் கொஞ்சம் கூடப் போய்விட்டது. சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் நூலிழை ஆட்டம். நட்டை முறுக்கினேன், ஆட்டம் நின்றது. சரியாகிவிட்டது என்று கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். சாதா சைக்கிளில் ஆக்ஸிலைச் சுற்றப் பார்க்கும் பலம் எதுவும் கிடையாது. அது சும்மா நிற்கும், சக்கரம் அதைச் சுற்றி ஓடும்.  சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் ஹப் மோட்டாரில் அப்படி இல்லை. மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ள வேண்டுமென்றால் எதையாவது உதைத்துத்தான் தள்ள வேண்டும். அது உதைப்பது ஆக்ஸிலை. நீங்கள் ஆக்ஸிலரேட்டர் மாதிரி இருக்கும் த்ராட்டிலைத் திருகும் ஒவ்வொரு தடவையும் சக்கரம் முன்னால் சுற்றும், அதே பலத்தோடு ஆக்ஸில் பின்பக்கமாகச் சுற்றப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவது அந்தத் தட்டையான பக்கம் வெட்டின் சுவரில் உட்கார்ந்திருப்பதும் நட்டின் இறுக்கமும்தான். என்னுடையது சுவரில் உட்காரவில்லை.

பத்தொன்பது நாள் ஓடியது. ராஜா மாதிரிப் போனேன் என்றே சொல்வேன். இருபதாவது நாள் ராத்திரி ஒன்பதரை மணி, மேம்பாலத்தின் ஏற்றத்தில் கன்டெய்னர் லாரி வரிசை நின்றுவிட்டது. ஓரமாகக் கால் ஊன்றி நின்றேன். முன்னால் இருந்த லாரி நகர்ந்ததும் பெடலை மிதிக்காமல் த்ராட்டிலை முழுசாகத் திருகினேன். ஏற்றம், நிற்கும் வண்டி, என் எடை 78 கிலோ. கடக்கென்று ஒரு சத்தம். ஆக்ஸில் சுற்றிக்கொண்டது. வெட்டு வாயைப் பிளந்தது, அதோடு ஃபோர்க்கின் வலது முனையும் பிய்ந்தது. சக்கரம் கோணிக்கொண்டது, நான் ஹேண்டில்பாரில் வாயை இடித்துக்கொண்டு விழுந்தேன். ஆக்ஸிலில் இருந்து வெளியே வரும் வயர் கைமுறுக்கு மாதிரி சுற்றிக்கொண்டு அறுந்து கிடந்தது. மூன்று தடி வயர், ஐந்து சன்ன வயர், எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி கன்ட்ரோலரும் போச்சு.

பின்னால் வந்த லாரி டிரைவர் பிரேக் போட்டு நிறுத்தினார். அவர் எந்த ஊரோ தெரியாது, இந்தியில்தான் திட்டினார். கிளீனர் பையன் இறங்கி வந்து செல்போன் டார்ச் அடித்து ரோட்டில் என் பல்லைத் தேடினான். அவன் கையில் கிடைத்தது வாஷர்.

அந்த வாஷரை இன்னும் வைத்திருக்கிறேன். ஒரு ஓரம் மட்டும் பிறை மாதிரி தேய்ந்து பளபளவென்று இருக்கும், மற்ற இடமெல்லாம் புது வாஷரின் மங்கல். நட்டு லூசானாலும் சக்கரம் கழன்று விழாமல் இருக்க ஃபோர்க் முனையில் சின்னதாக உதடு மாதிரி ஒரு விளிம்பு இருக்கும். என் வாஷர் அந்த விளிம்பின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. நான் உயிரைக் கொடுத்து முறுக்கியதெல்லாம் அந்தப் பிறை அளவு இடத்துக்குத்தான் போயிருக்கிறது.

தண்டையார்பேட்டையில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறை பாய் ஒருவர் இருக்கிறார். வாயில் பிளாஸ்திரியோடு போய் நின்றேன். பாய் ஃபோர்க்கைப் பார்க்கவில்லை, வாஷரை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மோட்டாரு ஓடுதான்னு பாத்த தம்பி. ஆக்ஸிலு ஓடக்கூடாதுன்னு பாத்தியா?" என்றார். "இல்ல பாய்" என்றேன். வேறென்ன சொல்வது.

அவர் சொன்னபடி மோட்டாரைப் பின் சக்கரத்துக்கு மாற்றினேன். ஃபிரேம் இரும்பு, பின்னால் தாங்கும். 6 மில்லி இரும்புப் பட்டையில் ஒரு சாண் நீளம் வெட்டி, ஒரு முனையில் ஆக்ஸிலுக்கு 10 மில்லி வெட்டு எடுத்தார். கை அழுத்தத்தில் இறங்கக்கூடாது, சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினால்தான் இறங்க வேண்டும் என்று நான்கு தடவை வைத்துப் பார்த்தார். இன்னொரு முனையைப் பின் சக்கரத்துக்குப் போகும் ஃபிரேம் குழாயோடு கிளாம்ப் போட்டுக் கட்டினார். இதே மாதிரி அந்தப் பக்கமும் ஒன்று. இப்போது ஆக்ஸில் சுற்ற வேண்டுமென்றால் ஃபிரேமையே முறுக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து 300 ரூபாய் வாங்கினார். டார்க் ஆர்ம் (torque arm) என்று ஆன்லைனில் விற்கிறார்களே, அது இதுதான். வாங்கியாவது போடுங்கள். இது இல்லாமல் ஓட்டலாம், எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதப் போகிறவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: எத்தனை நாளாக? எனக்கும் பத்தொன்பது நாள் ஒன்றும் ஆகவில்லை.

மற்றதெல்லாம் சில்லறை. பிரேக் பிடித்ததும் மோட்டார் நிற்கும் கட்-ஆஃப் லீவர் கிட்டிலேயே வரும், வயர் அதிகமாகத் தொங்குகிறது என்று அதை விட்டுவிடாதீர்கள். பழைய லேப்டாப் செல்லை ஒட்டி பேட்டரி செய்யாதீர்கள். 36 வோல்ட் பேட்டரி என்றால் உள்ளே பத்து வரிசை செல், அதில் ஒரு வரிசை சோர்ந்தாலும் மொத்த பேட்டரியும் நடுவழியில் கட் ஆகும். அது நல்ல நேரம். கெட்ட நேரம் என்றால் வீட்டுக்குள் நெருப்பு. பஞ்சர் ஆனால் கடைக்காரர் மோட்டார் சக்கரத்தைக் கழற்ற மாட்டேன் என்பார். கழற்ற வேண்டாம், டியூபை மட்டும் பக்கவாட்டில் உருவி ஒட்டச் சொல்லுங்கள்.

கடலோரம் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. எங்கள் பக்கம் உப்புக் காற்று. ஆறே மாதத்தில் கனெக்டருக்குள் பச்சை பூத்துவிடும், மோட்டார் திக்கித் திக்கி ஓடும், கிட் மட்டம் என்று நினைப்பீர்கள். கழற்றித் துடைத்து கிரீஸ் தடவினால் போதும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து எங்கள் தெருவுக்கு வந்தது. சைக்கிள் கீழே நின்றது. பேட்டரி மட்டும் மாடியில் இருந்ததால் பிழைத்தது. தண்ணீர் வடிந்ததும் மோட்டாரைப் பிரித்தேன். உள்ளே காந்தங்கள் மேல் கருப்பாகப் பிசுபிசுவென்று ஒரு படலம். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, பேரிங் மாற்றி, திரும்ப மூடினேன். ஓடுகிறது. மழை வரும்போதெல்லாம் அந்த வாடை மட்டும் லேசாக வரும்.

போலீஸ் விஷயம். மணலி உர ஆலைப் பக்கம் எம்.எஃப்.எல். சந்திப்பில் இரண்டு தடவை நிறுத்தியிருக்கிறார்கள். விதியை பிரின்ட் எடுத்து ஹேண்டில்பார் பையில் வைத்திருக்கிறேன். முதல் தடவை அவர் அதைப் படிக்கவே இல்லை, "இது யாரோட சைக்கிள்?" என்றுதான் கேட்டார். ஈ.சி.ஆரில் காலை ஐந்து மணிக்கு லட்ச ரூபாய் சைக்கிளில் போனால் அது உடற்பயிற்சி. எங்கள் பக்கம் கியர் சைக்கிளில் போனால் யாரோடது என்று கேட்பார்கள். பையனோடது என்றேன். இரண்டாவது தடவை வந்தவர் சின்ன வயசு. எவ்வளவு செலவாச்சு, எங்கே வாங்கினீர்கள், தன் அப்பாவுக்கு ஒன்று பண்ண முடியுமா என்று பத்து நிமிடம் பேசினார். இரண்டையும் சொல்லிவிட்டேன், ஒருபக்கமாக எழுதுகிறான் என்று யாரும் சொல்லக்கூடாது.

போலீஸைவிட எனக்குத் தலைவலி வீட்டு ஓனர். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் நீங்களும் வாடகைக்கு இருந்தால் சம்பந்தம் வரும். பேட்டரி 36 வோல்ட், 10.4 ஆம்பியர்-ஹவர். பெருக்கினால் 374 வாட்-ஹவர், ஆயிரம் வாட்-ஹவர்தான் ஒரு யூனிட். சார்ஜர் சூட்டில் போவதைச் சேர்த்தாலும் அரை யூனிட்டைத் தாண்டாது. இரண்டு நாளுக்கு ஒரு முறை சார்ஜ் போடுகிறேன். மாதம் பதிமூன்று தடவை, ஆறரை யூனிட். ஓனர் எங்களிடம் வாங்குவது யூனிட்டுக்கு 8 ரூபாய், அந்தக் கணக்கிலேயே 52 ரூபாய். "வண்டி சார்ஜ் போடுறீங்க, மாசம் 300 கூடக் குடுங்க" என்றார். பேப்பரில் எழுதிக் காட்டினேன். "கணக்கெல்லாம் எனக்கு வேணாம் சார்" என்றார். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. எங்கள் சப் மீட்டரில் அந்த நூறு எங்கே போகிறது என்று நான் என்றைக்காவது கேட்டேனா? கேட்டால் காலி பண்ணச் சொல்வார். இப்போது பேட்டரியை லஞ்ச் பையில் வைத்து எடுத்துப் போய் வேலை இடத்தில் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு சார்ஜ் போடுகிறேன். இரண்டரை கிலோ. சூப்பர்வைசர் நல்ல மனிதர், பெயர் வேண்டாம்.

சரி, உங்கள் சைக்கிள். கிட் ஆர்டர் போடுவதற்கு முன்னால் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றை எடுத்து, முன் ஃபோர்க்கில் ஆக்ஸில் உட்காரும் இடத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அலாய், அங்கே மோட்டார் வேண்டவே வேண்டாம். ஒட்டினாலும் பின் சக்கரத்துக்கே போங்கள் என்பேன். பின்னால் வெட்டு எத்தனை மில்லி, நட்டுக்கு நட்டு இடைவெளி எவ்வளவு என்று அளந்து கமென்டில் போடுங்கள். பாயிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் பட்டறை இருக்காது.