பாதி குவாட்டர் கணக்கு

கேள்வி: என் பையனுக்கு ஏழு வயசு, ரெண்டாம் வகுப்பு. ஒரு இடத்துல இருக்க மாட்டான். ராத்திரி ரெண்டாம் வாய்ப்பாட்ட ஒப்பிப்பான், காலையில கேட்டா முழிப்பான். அடிச்சாலும் நாலு நாள்ல அதே தப்பத்தான் செய்யுதான். யாரு கூப்பிட்டாலும் பின்னாலயே போயிருதான். வயசுக்கேத்த வளர்த்தியும் இல்ல. கர்ப்பத்துல தாய் குடிச்சா பிள்ளைக்கு இப்படி வரும், மேலுதடு மெலிசா இருக்கும்னு போன்ல பார்த்தேன். இவனுக்கும் மெலிசாத்தான் இருக்கு. என் வீட்டுக்காரி செங்கச் சூளையில கல் அறுக்கா. உடம்பு வலிக்குன்னு சொல்லுவா, நான் வாங்குத குவாட்டர்ல பாதிய அவளுக்கும் ஊத்துவேன், வாரத்துல நாலு நாள் இருக்கும். அஞ்சாம் மாசம் அவளே வேண்டாம்னுட்டா. 'பிள்ளையக் கெடுத்தவள அவ அம்மா வீட்டுக்கு அனுப்பிரு'ன்னு எங்க அம்மா சொல்லுதாவ. இது அவளால வந்ததுதானா? எப்படிக் கண்டுபிடிக்க?
– பெயர் வேண்டாம், அம்பாசமுத்திரம் பக்கம்

பதில்: தம்பி, உங்கள் அம்மா சொன்னதை வரி பிசகாமல் எழுதியிருக்கிறீர்கள். நடுவில், குழம்புக்கு உப்புப் போட்டதைச் சொல்வது மாதிரி ஒரு சொல் வருகிறது: 'ஊத்துவேன்'. அதை எழுதும்போது பேனா நிற்கவே இல்லையா? கடைக்குப் போனது நீங்கள். காசு கொடுத்தது நீங்கள். மூடியைத் திருகி டம்ளரில் அளந்தது நீங்கள். கூண்டில் ஏற்றுவதற்கு மட்டும் அவளா?

கணக்குப் போடுவோம். குவாட்டர் 180 மில்லி, பாதி 90. பாட்டில் லேபிளில் 42.8 சதவீதம் என்று இருக்கும். அந்த 90 மில்லிக்குள் சுத்தமான ஆல்கஹால் ஏறக்குறைய 30 கிராம். வண்டி ஓட்டுகிறவன் ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் தாண்டினால் போலீஸ் பிடிக்கும். 45 கிலோ எடையுள்ள ஒரு பெண் 90 மில்லியை ஒரே மூச்சில் குடித்தால் அந்த அளவைத் தாண்டிப் போய்விடும். தாய் ரத்தத்தில் ஏறியது நஞ்சுக்கொடி வழியாகக் கொஞ்ச நேரத்திலேயே கருவின் ரத்தத்திலும் ஏறக்குறைய அதே அளவுக்கு ஏறும். அதை முறிக்கிற ஈரல் கருவுக்கு இன்னும் தயாராகவில்லை. கருவிலிருந்து வெளியேறுகிற மதுவும் பனிக்குட நீரில் தங்கி, அந்த நீரையே கரு மறுபடி விழுங்கும். தாய்க்குப் போதை தெளிந்த பிறகும் உள்ளே இருப்பதற்குத் தெளிவதில்லை. கரு உண்டானதிலிருந்து ஐந்தாம் மாதம் வரை ஒரு 16 வாரம், வாரத்துக்கு நாலு நாள் என்றால் 64 தடவை. அவள் பங்கு மட்டும் 32 குவாட்டர். முப்பத்திரண்டையும் வாங்கி வந்த கை எது என்று உங்கள் அம்மாவிடம் சொன்னீர்களா?

நீங்கள் குடித்ததாலேயே பையனுக்கு இந்தக் குறை வந்துவிடாது; கர்ப்பத்தில் தாயின் ரத்தம் வழியாகப் போகும் மதுவால்தான் வரும். 'பார்த்தீங்களா, அப்போ அவதானே' என்று இதைப் பிடித்துக்கொண்டு கிளம்பாதீர்கள். இது பரம்பரையாக வருவதும் இல்லை. அவளை அனுப்பிவிட்டு அம்மா வேறு பெண் பார்த்து, அவளுக்கும் நீங்கள் அதே பாதியை ஊற்றினால், அந்தப் பிள்ளைக்கும் இதே ஆபத்துதான்.

'ஊத்துவேன்' என்பதை நான் விடாமல் பிடிப்பது திட்டுவதற்காக மட்டும் இல்லை. உங்கள் இரண்டாவது கேள்விக்குச் சாவியே அதில்தான் இருக்கிறது. கருக்கால மது பாதிப்பு என்கிற இந்தக் கோளாறை, எஃப்.ஏ.எஸ்.டி. என்பார்கள், ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ காட்டிக் கொடுக்காது. முகம், வளர்ச்சி, மூளையின் வேலை ஆகிய மூன்றையும் பார்ப்பார்கள். நான்காவதாகக் கேட்பது, கர்ப்பத்தில் எந்த மாதம், எவ்வளவு மது என்பது. முக அடையாளம் மூன்றும் (என்னென்ன என்று கீழே சொல்கிறேன்) முழுதாக இருந்து, வளர்ச்சியும் மூளையும் பாதித்திருந்தால், குடித்த விவரம் கிடைக்காவிட்டாலும் முடிவு சொல்லலாம். ஆனால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அந்த முகம் இருக்காது. முகம் உருவாகும் நாட்கள் கர்ப்பத்தின் தொடக்கத்தில் கொஞ்ச நாள்தான். மூளையோ பத்து மாதமும் வளர்கிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்குத் தாய் குடித்த கணக்கு தெரியாவிட்டால் டாக்டரால் பெயர் வைக்க முடியாது. மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 'கர்ப்பத்துல குடிச்சியாம்மா?' என்று கேட்டால் எந்த மருமகள் ஆமாம் என்பாள்? சீட்டில் 'இல்லை' என்று எழுதுவார்கள், பையன் 'சேட்டைக்காரன்' என்ற பெயரோடு வீடு திரும்புவான். கணக்குத் தெரிந்த சாட்சி நீங்கள்தான்.

உதட்டுக்கு வருவோம். போனில் பார்த்தது பொய்யில்லை. 1968-லேயே பிரான்ஸின் நான்ட் நகரில் பால் லெமுவான் என்ற மருத்துவர் குடிகாரப் பெற்றோரின் 127 பிள்ளைகளிடம் கண்டதை எழுதிவிட்டார். 1973-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஜோன்ஸ், ஸ்மித் இருவரும் அதற்குப் பெயர் வைத்தார்கள். பார்க்க வேண்டியது மூன்று. மேலுதட்டின் சிவப்புப் பகுதி கோடு போல மெலிந்திருப்பது. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே ஓடும் பள்ளம் வழுவழு என்று தட்டையாக இருப்பது. கண்ணின் உள்முனையிலிருந்து வெளிமுனை வரை உள்ள நீளம் குறைவாக இருப்பது. பையனைச் சிரிக்கவைத்துப் பார்த்தீர்களா? சிரித்தால் எல்லாருக்கும் உதடு மெலியும், பள்ளம் மறையும். வாயை லேசாக மூடி, முகம் சும்மா இருக்கும்போது உங்கள் கண் மட்டத்தில் நிறுத்திப் பாருங்கள். பிறகு உங்கள் உதட்டையும் அவள் உதட்டையும் கண்ணாடியில் பாருங்கள். வீட்டுச் சாயலும் இருக்கலாம். உதடு ஒன்றை வைத்து யாரும் முடிவுக்கு வரக்கூடாது. கண்ணின் நீளத்தை மில்லிமீட்டர் ஸ்கேலில் டாக்டர் அளப்பார், நீங்கள் ஸ்கேலைக் கண்ணருகில் கொண்டுபோக வேண்டாம். பதின்வயதில் இந்த அடையாளங்கள் மங்கும் என்பதால், இரண்டு மூன்று வயதில் நேராக எடுத்த போட்டோ இருந்தால் தேடி எடுத்து வையுங்கள்.

வளர்ச்சி என்றால், அதே வயதுப் பையன்கள் 100 பேரை வரிசையாக நிறுத்தினால் உயரத்திலோ எடையிலோ கடைசி 10 பேருக்குள் வருகிறானா என்பது. தலைச் சுற்றளவுக்கும் அதே கணக்கு. டேப்பைப் புருவத்துக்கு மேலே தொடங்கிப் பின்மண்டையின் மேடான இடத்தைச் சுற்றி மூன்று தடவை அளந்து, பெரிய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வாய்ப்பாடு சொன்னீர்களே, உதட்டை விட அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ராத்திரி இருந்தது காலையில் இல்லை. மறுநாள் சாயங்காலம் திடீரென்று வந்தாலும் வரும். மூளையில் போட்டுவைத்ததை வேண்டும்போது எடுக்க முடியாத குறை இது. கணக்கு, நேரம், காசு மூன்றிலும் முதலில் தெரியும். 50 ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்பிப் பாருங்கள், மீதி எவ்வளவு வர வேண்டும் என்று சொல்லத் திணறுவான். வாய் மட்டும் நன்றாகப் பேசும். 'கையைக் கழுவிட்டு, பையை எடுத்து வச்சுட்டு, சாப்பிட வா' என்றால் மூன்றில் ஒன்றைத்தான் செய்வான். மறந்த இடத்தைத் தானாக ஒன்று சொல்லி நிரப்புவான். நீங்கள் பொய் என்று நினைப்பீர்கள். அந்நியர் பின்னால் போவதும் இதோடு சேர்ந்ததுதான். பால் குடிக்கிற வயதில் சப்பத் தெம்பில்லாமல், தூங்காமல், சின்னச் சத்தத்துக்கும் அலறினானா என்று உங்கள் மனைவியிடம் கேளுங்கள். அவளுக்கு நினைவிருக்கும்.

இப்போது அடி. திங்கட்கிழமை வாங்கிய அடியை வெள்ளிக்கிழமை செய்யப் போகும் தப்போடு முடிச்சுப் போட ஒரு மூளை வேலை இருக்கிறது. இந்தக் கோளாறு உள்ள பிள்ளைக்கு அந்த இடம்தான் பழுது. அடி நினைவிருக்கும், எதற்கு என்பது நினைவிருக்காது. அப்பாவைக் கண்டால் ஒதுங்க மட்டும் கற்றுக்கொள்வான். இப்படிப்பட்ட பிள்ளைகள் பின்னால் படிப்பை விட்டு, வம்பில் மாட்டி, தாங்களே பாட்டிலை எடுப்பதைத் தடுப்பது இரண்டு: சீக்கிரம் கண்டுபிடிப்பது, அடிதடி இல்லாத வீடு. ஆறு வயதுக்குள் தெரிந்திருந்தால் நல்லது. முதலாவதில் பிந்திவிட்டீர்கள். இரண்டாவது இன்று ராத்திரியே உங்கள் கையில் இருக்கிறது.

வேறு காரணமும் இருக்கலாம். கர்ப்பத்தில் அவள் வலிப்புக்கு வால்ப்ரோயேட் மாத்திரை சாப்பிட்டிருந்தால் பிள்ளைக்கு உதடும் பள்ளமும் இதே மாதிரி அமையும். தைராய்டு, ரத்தசோகை, காது, கண் எல்லாம் பார்க்க வேண்டும். சில மரபணுக் கோளாறுகளும் இந்த முகத்தைக் காட்டும். இதயத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க் குழந்தைகள் பிரிவில் ஓ.பி. சீட்டுப் போடுங்கள். பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்க்கிற மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு (டி.இ.ஐ.சி.) எழுதித் தரும்படி கேளுங்கள். 18 வயது வரை அங்கே பார்ப்பார்கள். தாய் சேய் நல அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள், பிறந்த எடை அதில் இருக்கும். பையனின் கணக்கு நோட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் எழுதுங்கள்: கடைசியாகத் தீட்டு வந்த தேதி, கர்ப்பம் தெரிந்த தேதி, நிறுத்திய மாதம், ஒரு தடவைக்கு எத்தனை மில்லி, வாரத்துக்கு எத்தனை நாள். 'பிறந்ததும் அழுதானா, மஞ்சள் காமாலை வந்ததா' என்று கேட்டுவிட்டு டாக்டர் மதுவைப் பற்றிக் கேட்காமலும் போகலாம். கேட்கக் காத்திருக்காமல் தாளை நீட்டி, 'நான்தான் வாங்கிட்டு வந்து ஊத்தினேன்' என்று நீங்கள் தொடங்குங்கள். அவள் தொடங்கக் கூடாது. அம்மா வெளியே பெஞ்சில் இருக்கட்டும்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைக் குறைபாடுகளில் இந்தப் பெயர் கிடையாது. சான்றிதழ் வேண்டுமானால் அறிவுசார் குறைபாடு அல்லது கற்றல் குறைபாடு என்றுதான் வாங்க வேண்டியிருக்கும். அது கிடைத்ததும் பள்ளித் தலைமையாசிரியரிடம் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைக் கேளுங்கள்.

இதைக் குணமாக்க மருந்து இல்லை. துறுதுறுப்பு அடங்க டாக்டர் மாத்திரை கொடுத்தால் கொடுக்கட்டும். வீட்டில் ஒரு தடவைக்கு ஒரே ஒரு வேலை சொல்லுங்கள், தினமும் அதே சொல்லில். எழுந்ததிலிருந்து தூங்கும் வரை செய்ய வேண்டியதைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள். வாய்ப்பாட்டைப் புளியங்கொட்டையில் வைத்துக் காட்டுங்கள். நேற்றுச் சொன்னோமே என்று கேட்காமல் இன்றும் முதலிலிருந்து. கோயில் கொடையில் வேட்டும் மேளமும் சேர்ந்தால் இவனுக்குத் தலை வெடிக்கும், அழுதால் தூக்கிக்கொண்டு தள்ளிப் போங்கள். ஆற்றுக்குத் தனியாக விடவே கூடாது.

உங்கள் அம்மாவிடம் கல் அறுத்த உடம்புக்கு வலி இல்லாமல் போகுமா என்று கேளுங்கள். அதற்கு வெந்நீர் வைத்துக் கொடுத்திருக்க வேண்டியவர் அந்த வீட்டில் யார்? யாரும் சொல்லாமல் ஐந்தாம் மாதம் டம்ளரைத் தள்ளி வைத்தவள் அவள். அதன்பிறகு வளர்ந்த மூளைக்கு மது போகாமல் இருந்தது அவளால்தான். நீங்கள் தள்ளி வைக்கவில்லை, இன்றைக்கு வரைக்கும் என்று நினைக்கிறேன்.

பாளையங்கோட்டைக்குப் போகிற அன்று அவளுக்குச் சூளையில் ஒரு நாள் கூலி போகும். அந்த வாரத்துக் குவாட்டர்க் காசை அவளிடம் கொடுத்துவிடுங்கள்.