கையால் செய்த கிட்டார்: கேட்டதும் சொன்னதும்

அக்கூஸ்டிக் கிட்டார் வாசிப்பதும், மற்றவர்களின் கிட்டாருக்குச் செட்டப் (கம்பியின் உயரம், கழுத்தின் வளைவு எல்லாவற்றையும் சரிசெய்வது) செய்து கொடுப்பதுமாக என் பிழைப்பு ஓடுகிறது. கையால் செய்த கிட்டார் வைத்திருப்பவர்களும், வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் போட்டிருக்கிறேன். பாதிப் பேர் மழைக்காலத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள்.

சுரேஷ், மதுரை: சார், என்னிடம் இருப்பது 60,000 ரூபாய்க் கம்பெனி கிட்டார். குறை சொல்ல ஒன்றுமில்லை. கையால் செய்பவர் ஒருவர் இரண்டரை லட்சம் கேட்கிறார். நாலு மடங்கு விலைக்கு நாலு மடங்கு சத்தம் வருமா?

வராது. காசில் பெரும்பங்கு டாப் என்கிற முன்பலகைக்குப் போகிறது. ஒரே ஸ்ப்ரூஸ் கட்டையில் அடுத்தடுத்து அறுத்த இரண்டு பலகைகள்கூட ஒரே விறைப்பில் இருப்பதில்லை. தொழிற்சாலையில் எல்லாவற்றையும் ஒரே கனத்துக்கு இழைத்துவிடுவார்கள். எண்ணிக்கை அப்படி, வேறு வழியில்லை. பழுதாகித் திரும்பி வந்துவிடக் கூடாதே என்று கொஞ்சம் கூடுதல் கனமாகவும் விடுவார்கள். லைட் கேஜ் என்கிற மெல்லிய ரகக் கம்பிகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ இழுக்கின்றன. டாப் அதைத் தாங்கவும் வேண்டும், விரல் பட்டதும் அதிரவும் வேண்டும்.

கையால் செய்பவர் பலகையை இரண்டு கையாலும் பிடித்து வளைத்துப் பார்ப்பார், விரல் முட்டியால் தட்டிக் கேட்பார், இன்னும் கொஞ்சம் இழைப்பார், மறுபடி தட்டுவார். இரண்டரை, மூன்று மில்லிமீட்டர் பக்கம் வந்ததும் எங்கேயோ நிறுத்துவார். எங்கே நிறுத்துகிறார் என்பதற்குத்தான் அந்த விலை. உள்ளே ஒட்டும் எக்ஸ் பிரேஸிங் சட்டங்களையும் இப்படியே சீவிச் சீவிப் பார்ப்பார்.

டாப்தான் பிரதானம் என்று காட்ட ஸ்பெயின்காரர் அன்டோனியோ தே டோரஸ் 1862-இல் ஒரு வேலை செய்தார். பின்பலகையையும் பக்கங்களையும் காகிதக்கூழ் அட்டையில் செய்து, டாப்பை மட்டும் ஒழுங்கான மரத்தில் போட்டார். அந்தக் கிட்டார் பார்சிலோனாவில் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

‘கையால் செய்தது’ என்றாலே உசத்தி என்று நான் சொல்ல மாட்டேன். கழுத்தின் குறுக்கே பதிக்கிற ஃப்ரெட் என்கிற உலோகப் பட்டிகளுக்குக் கோடு அறுப்பதில் இயந்திரம் மனிதக் கையைவிடச் சுத்தம். கழுத்தை இயந்திரத்தில் செதுக்கிவிட்டு டாப்பைக் கையால் இழைப்பவரிடம் நான் தயங்காமல் வாங்குவேன். நீங்கள் முதலில் இருக்கிற கிட்டாருக்கு நல்ல செட்டப் ஒன்று போட்டு, பிரிட்ஜில் கம்பிகள் உட்காரும் பிளாஸ்டிக் சேடிலை எடுத்துவிட்டு எலும்புச் சேடில் வைத்துப் பாருங்கள். அதற்கு அப்புறமும் ஆசை அடங்கவில்லையென்றால் ஆர்டர் கொடுங்கள்.

தீபா, திருவான்மியூர்: அண்ணா, ஐப்பசி வந்தால் கம்பி ஃப்ரெட்டிலிருந்து எழும்பிவிடுகிறது, பார் கார்ட் பிடிக்க முடியவில்லை. ஏசி அறையில் ரெண்டு வாரம் வைத்தால் நேர் எதிராக, கம்பி ஃப்ரெட்டில் இடித்து ‘ஜ்ர்ர்’ என்கிறது. ட்ரஸ் ராடை நானே திருகலாமா?

கொஞ்சம் பொறுங்கள். மரம் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், வாங்கினால் ரேகைக்குக் குறுக்காக உப்பும். டாப்பின் விளிம்பு சுற்றிலும் பக்கங்களோடு ஒட்டியிருப்பதால் வெளிப்பக்கம் விரிய இடமில்லை. அதனால் நடுவில் மேலே எழும்பும். கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, அதுவும் ஏறும், கூடவே கம்பியும் ஏறும். ஏசி ஈரத்தை இழுத்துவிட்டால் இதெல்லாம் தலைகீழ்: டாப் தாழும், கம்பி இறங்கும், இடிக்கும். கையால் செய்த கிட்டாரில் டாப் மெலிசு என்பதால் இந்த ஆட்டம் கம்பெனி கிட்டாரைவிட அதிகமாகத் தெரியும். உங்கள் கிட்டாரில் கோளாறு ஒன்றுமில்லை.

ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, பிரிட்ஜுக்குப் பின்னால் டாப்பின் குறுக்கே நிமிர்த்தி வையுங்கள். நல்ல நிலையில் இருக்கிற டாப்பிலும் லேசான மேடு இருக்கும், ஸ்கேல் நடுவில் தொட்டுக்கொண்டு இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் இடைவெளி காட்டும். ஓர இடைவெளி வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் ஈரம் குடித்திருக்கிறது. ஓரத்தில் தொட்டு நடுவில் வெளிச்சம் தெரிந்தால் காய்ந்துபோயிருக்கிறது, அதுதான் ஆபத்து. அடுத்தது விரிசல். காய்ந்ததற்கு இன்னொரு அடையாளம்: கழுத்தின் ஓரத்தில் விரலை மேலும் கீழும் ஓட்டினால் ஃப்ரெட் முனைகள் ரம்பம் போலக் குத்தும்.

கிட்டாருக்கு வேண்டியது 45-இலிருந்து 55 சதவீத ஈரப்பதம். கடலோரச் சென்னையில் வெளிக்காற்று பெரும்பாலும் 70-க்கு மேல். சில நூறு ரூபாய்க்குச் சின்ன டிஜிட்டல் ஈரமானி கிடைக்கும், அதை வாங்கிக் கேஸுக்குள்ளேயே போட்டுவிடுங்கள். வாசிக்காத நேரமெல்லாம் கிட்டார் மூடிய கேஸில் இருக்க வேண்டும். ஹார்டு கேஸ் என்றால் இன்னும் நல்லது. ஈரம் கூடினால் வாங்கி, குறைந்தால் திருப்பிக் கொடுக்கும் பாக்கெட்டுகள் விற்கிறார்கள், 49 சதவீதம் என்று போட்டிருக்கும். கேஸ் சந்தில்லாமல் மூடினால் அவை நன்றாக வேலை செய்யும். சிலிக்கா ஜெல்லை அள்ளிப் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள், அது உறிஞ்சத்தான் செய்யும், திருப்பித் தராது. ஏசி காற்று நேராக அடிக்கும் இடமும் வேண்டாம், மழையில் ஊறும் வெளிச்சுவரும் வேண்டாம்.

ட்ரஸ் ராட் என்பது கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டு, கழுத்தின் வளைவைச் சரிசெய்ய மட்டும்தான். டாப் உப்பியதற்கு அதைத் திருகினால் ரெண்டும் கெடும். திருகுவதற்கு முன் இதைப் பாருங்கள்: தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் 14-ஆம் ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில், ஏழாம் ஃப்ரெட் பக்கம், கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையில் ஒரு விசிட்டிங் கார்டு உரசி உரசாமல் நுழைந்தால் கழுத்து சரி, கைவைக்காதீர்கள். 12-ஆம் ஃப்ரெட்டில் தடித்த கம்பி இரண்டரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய கம்பி ஒன்றே முக்காலுக்கும் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலான கைகளுக்குப் போதும். என்னிடம் சில பேர் ரெண்டு சேடில் செய்து வாங்கிக்கொண்டு போகிறார்கள், மழைக்குத் தாழ்ந்தது, கோடைக்கு உயர்ந்தது. கம்பி மாற்றும்போது சேடிலையும் மாற்றிக்கொள்கிறார்கள். நல்ல ஏற்பாடு.

ரஹீம், திருச்சி: சுவரில் மாட்டி வைத்தால் அழகாக இருக்கிறதே?

அழகுதான். கம்பெனி கிட்டாரை மாட்டுங்கள்.

ஜோசப், கூடலூர்: தாத்தா காலத்து ஈட்டி மரக் (ரோஸ்வுட்) கட்டில் ஒன்று வீட்டில் இருக்கிறது. எஸ்டேட்டில் ஈட்டி மரமும் நிற்கிறது. இதில் பின்பலகையும் பக்கங்களும் செய்ய முடியுமா?

கட்டிலில் முடியலாம், பலகை தேறினால். பின்பலகை இரண்டு பாதியாக ஒட்டுவது. ஒவ்வொரு பாதிக்கும் 20 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலமும் அரை மீட்டருக்கு மேல் நீளமும் வேண்டும். பக்கங்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் நீளம். ஆணித்துளை நடுவில் வரக் கூடாது. முக்கியமாக, பலகையின் முனையைப் பார்த்தால் வளையக் கோடுகள் செங்குத்தாக நிற்க வேண்டும், படுத்திருந்தால் அந்தப் பலகை பருவத்துக்குப் பருவம் நெளியும். அத்தனை வருஷம் வீட்டுக்குள்ளேயே கிடந்து பதமான மரம் கிடைப்பது பாக்கியம். தேறினால் விடாதீர்கள்.

நிற்கிற மரத்தின் மேல் கைவைக்கும் எண்ணம் இருந்தால் முதலில் வனத்துறைக்குப் போங்கள். சொந்த நிலம் என்று கோடாரியைத் தூக்காதீர்கள். தமிழ்நாட்டில் ஈட்டிக்கென்றே 1990-களில் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். அத்தனை பேர் அதன் மேல் கண்வைத்திருந்தார்கள். அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1969-இல் பிரேசில் ஈட்டி கிடைக்காமல் திணறி நம் நாட்டு ஈட்டிக்கு மாறியது. உலகத்தில் நல்ல கிட்டார் என்று பேர் வாங்கியவற்றில் எத்தனையோ கிட்டார்களின் முதுகு மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து போனது. ஈட்டிக்குக் கீழ்ச்சுரத்தில் ஒரு கனமும், அடித்து முடித்த பிறகு நீளும் ரீங்காரமும் உண்டு. மஹோகனி சட்டென்று பேசி நிறுத்தும். பாட்டுக்குத் துணை வாசிக்க எனக்கு மஹோகனி, தனியாக வாசிக்க ஈட்டி.

கணேஷ், தஞ்சாவூர்: எங்கள் ஊரில் வீணையே பலாவில் செய்கிறோம். கிட்டாருக்குப் பலா ஆகாதா?

முதுகுக்கும் பக்கத்துக்கும் தாராளமாக ஆகும், செதுக்கப் பழகிய கையும் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. டாப்புக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அங்கே வேண்டியது எடை குறைந்து விறைப்பு கூடிய மரம், அதனால்தான் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் ஸ்ப்ரூஸும் சீடரும் வரவழைக்கிறார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று பலா டாப் போட்டால் சத்தம் உள்ளேயே நின்றுவிடும்.

நித்யா, கோவை: பத்து வருஷம் வாய்ப்பாட்டு கற்றவள். கிட்டாரில் கமகம் வாசிக்க ஆசை. அக்கூஸ்டிக்கில் கம்பியை இழுக்கவே முடியவில்லை. எலக்ட்ரிக் வாங்கிவிடட்டுமா?

சுகுமார் பிரசாத், பிரசன்னா இருவரும் கிட்டாரிலேயே கர்நாடக சங்கீதக் கச்சேரி செய்து காட்டியவர்கள், அவர்களை முதலில் கேளுங்கள். எலக்ட்ரிக்கில் சுலபம் என்பது உண்மை. ஆனால் கையால் செய்பவரிடம் ஆர்டர் கொடுக்கிறவருக்கு ஒரு வசதி உண்டு, உங்கள் தேவையைச் சொல்லியே செய்யச் சொல்லலாம்.

பொதுவாக 12 கேஜ் (ஆக மெல்லிய கம்பியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு) கம்பிக்கென்று டாப்பை இழைப்பார்கள். நான் 10 அல்லது 11 கேஜ்தான் போடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் டாப்பை இன்னும் மெலிதாக விடுவார், மெல்லிய கம்பியிலும் சத்தம் வரும். அக்கூஸ்டிக்கில் மூன்றாம் கம்பி, மேலே மெல்லிய கம்பி சுற்றிய சுற்றுக்கம்பியாக இருப்பதுதான் கமகத்துக்கு எதிரி. அதை எடுத்துவிட்டுச் சுற்றில்லாத 18 அல்லது 20 போடுங்கள். போட்டால் கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் நட்டில் பள்ளம் மாற வேண்டும், சேடிலில் அந்தக் கம்பி தொடும் இடத்தையும் கொஞ்சம் பின்னால் தள்ள வேண்டும். இல்லையென்றால் மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி ஏறி நிற்கும், பாட்டுக் காதுக்கு அது சகிக்காது. சுருதியை ஒரு முழு ஸ்வரம் இறக்கி வைத்துக்கொண்டால் தோடியின் காந்தாரத்தை அசைக்கவும் விரலுக்கு வலு மிஞ்சும். ஜாருவுக்கு இழுக்கவே வேண்டாம், சறுக்கினால் போதும். மாயாமாளவகௌளை வரிசைகளை இப்படி ஒரு மாதம் வாசித்துவிட்டு எலக்ட்ரிக்கைப் பற்றி யோசியுங்கள்.

அன்ரன், யாழ்ப்பாணம்: அண்ணை, கோயில் பாடகர் குழுவிலை வாசிக்கிறன். வலது கை படுற இடத்திலை பொலிஷ் மங்கி, பிசுபிசு எண்டு ஒட்டுது. செய்தவர் ‘ஃப்ரெஞ்ச் பொலிஷ்’ எண்டு சொன்னவர்.

ஃப்ரெஞ்ச் பாலிஷ் என்பது அரக்கு, தம்பி. அரக்குப்பூச்சி தருகிற அதே அரக்குதான். ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பொட்டலத்தால் நூறு தடவை தேய்த்து ஏற்றுவார்கள். டாப்பை அமுக்காத மெல்லிய பூச்சு, அதனால்தான் போடுகிறார்கள். ஆனால் வியர்வைக்கும் சூட்டுக்கும் இளகும், சானிடைசர் பட்டால் கரைந்தே போகும். கொசுவுக்குப் பூசுகிற களிம்பும் ஆகாது. வாசிக்கும்போது நீளக் கை சட்டையோ துணி உறையோ போடுங்கள், முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். கடையில் விற்கிற பாலிஷ் எதுவும் வேண்டாம். மங்கிய இடத்தைச் செய்தவரே மறுபடி தேய்த்து எடுத்துவிடுவார், அரக்கில் அந்த ஒரு சௌகரியம் உண்டு.

மாலதி, சேலம்: என் கை ரொம்பச் சின்னது. குட்டி கிட்டார் வாங்கலாமா?

முதலில் ஆக்ஷனை, அதாவது ஃப்ரெட்டுக்கு மேலே கம்பி நிற்கும் உயரத்தை, இறக்கிப் பாருங்கள், பாதிப் பிரச்சினை போய்விடும். ஆர்டர் கொடுப்பதென்றால் 628 மில்லிமீட்டர் ஸ்கேல் (நட்டிலிருந்து சேடில் வரை கம்பியின் நீளம்), 43 மில்லிமீட்டர் அகல நட், இடுப்புச் சிறுத்த உடல் என்று கேளுங்கள். பெரிய ட்ரெட்னாட் உடல் தோளைத்தான் வலிக்க வைக்கும்.

விக்னேஷ், சிங்கப்பூர்: ஊரில் செய்து வாங்கிய கிட்டாரை விமானத்தில் கொண்டுவர வேண்டும். ஈட்டி மரம் என்றால் பிடித்து வைத்துக்கொள்வார்களா?

2017 ஜனவரியில் ஈட்டி இனம் மொத்தத்தையும், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தப் பட்டியலில் சேர்த்ததும் கிட்டார்காரர்கள் கதிகலங்கிப் போனது உண்மை. 2019 நவம்பரிலிருந்து செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்துவிட்டது. பிரேசில் ஈட்டிக்கு மட்டும் அந்த விலக்கு கிடையாது, தந்தமும் அப்படியே. செய்தவரிடம் என்னென்ன மரம், நட்டும் சேடிலும் எதில் செய்தது என்று கையெழுத்துப் போட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேஸில் வைக்கும்போது கம்பியை ஒரு ஸ்வரம், ஒன்றரை ஸ்வரம் இறக்கினால் போதும், மொத்தமாகத் தளர்த்த வேண்டாம். தலைப்பாகம் கேஸுக்குள் ஆடக் கூடாது, கீழேயும் இரண்டு பக்கமும் துணி அடையுங்கள். கழுத்து முறிவது அந்த இடத்தில்தான். வந்து இறங்கியதும் உடனே திறக்காமல் சில மணி நேரம் மூடியே வைத்திருங்கள். சில்லென்ற கிட்டார் வெக்கையைப் பார்த்தால் வார்னிஷ் மயிர்க்கோடு மயிர்க்கோடாக வெடிக்கும்.

பிரபாகரன், புதுச்சேரி: ஆர்டர் கொடுக்கப் போகிறேன். செய்பவரிடம் என்ன கேட்க வேண்டும்?

அவர் செய்து மூன்று நாலு வருஷம் ஆன கிட்டார் ஒன்றை வாசித்துப் பார்க்கக் கேளுங்கள். புதுசு எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் துவாரத்துக்குள் விட்டுப் பாருங்கள்: பசை வழிந்து காய்ந்திருக்கிறதா, பிரேஸ் முனை எங்காவது தூக்கியிருக்கிறதா, பிரிட்ஜுக்கு அடியில் விரிசல் ஓடுகிறதா. அப்புறம் கழுத்தை எப்படி மாட்டுகிறார் என்று கேளுங்கள். பத்து இருபது வருஷத்தில் கம்பி இழுத்து இழுத்துக் கழுத்தின் கோணம் மாறத்தான் செய்யும், அன்றைக்குக் கழற்றி மாட்ட போல்ட் வைத்த கழுத்து சுலபம், பசை போட்டு இறுக்கிய ‘புறாவால்’ (டவ்டெயில்) மூட்டாக இருந்தால் ஆவி விட்டு இளக்க வேண்டும். நம் ஊரில் அதைச் செய்யத் தெரிந்தவர்கள் குறைவு என்பதால் நான் போல்ட்டுக்கே ஓட்டுப் போடுவேன்.

பிரபாகரனே மறுபடியும்: வாசிக்க வாசிக்கத் தொனி திறக்கும் என்கிறார்கள். பின்னால் விற்றால் போட்ட காசு வருமா?

முதல் சில மாதங்களில் தொனி கொஞ்சம் இளகும், என் காதுக்கு அது தெரிகிறது. அதில் எவ்வளவு கிட்டார், எவ்வளவு அதற்குப் பழகிய உங்கள் விரல் என்று பிரித்துச் சொல்ல மாட்டேன். காசு பெரும்பாலும் வராது, செய்தவர் பேர் பெற்றவராக இருந்தால் ஒழிய. விற்பதானால் ஹார்டு கேஸையும் அந்த மரப் பட்டியலையும் சேர்த்துக் கொடுங்கள், பேரம் பேச ரெண்டும் உதவும்.