அமெரிக்க மசில் கார் (வலுவான எஞ்சின் கொண்ட கார்) பொம்மை மாடல்கள்: வாங்கும் முன் சில கேள்விகள்

கேள்வி: இணையத்தில் ஒருவர் செவ்ரொலேயின் 1967 கமேரோ காருக்கான ஹாட் வீல்ஸ் (மேட்டல் நிறுவனத்தின் பொம்மைக் கார்) மாடல் ஒன்றை விற்கிறார். அடித்தட்டில் 1980-களின் ஆண்டு ஒன்று பதிந்திருப்பதால் அது நாற்பது ஆண்டுப் பழைய பொருள் என்று சொல்லிப் பன்மடங்கு விலை கேட்கிறார். அதே தட்டில் மலேசியா என்ற பெயரும் ‘கே12’ என்ற சிறிய குறியும் உள்ளன. வாங்கலாமா?

பதில்: அந்த விலைக்கு வேண்டாம். அடித்தட்டில் உள்ள ஆண்டு அந்த வார்ப்பு அச்சின் வடிவத்துக்கு மேட்டல் நிறுவனம் உரிமை கோரிய ஆண்டு. கார் தயாரான ஆண்டு அன்று. ஒரே அச்சைப் பல பத்தாண்டுகள் பயன்படுத்துவது இத்தொழிலில் வழக்கம் என்பதால், சென்ற ஆண்டு கடைக்கு வந்த காரிலும் அந்தப் பழைய ஆண்டே இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது அந்தச் சிறிய குறியைத்தான். 2008 முதல் ஹாட் வீல்ஸ் கார்களின் அடியில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கங்களும் இடம்பெறுகின்றன. எழுத்து ஆண்டையும் இலக்கங்கள் வாரத்தையும் குறிக்கும். ஏ என்றால் 2008. இடையில் ஐ என்ற எழுத்தை விட்டுவிட்டு எண்ணினால் கே என்பது 2017 ஆகும். ஆகவே உங்களுக்குக் காட்டப்படுவது 2017-ஆம் ஆண்டின் 12-ஆம் வாரத்தில் தயாரான சாதாரணக் கார்.

உண்மையிலேயே பழைய கமேரோ வேண்டுமென்றால், 1968-இல் வெளிவந்த முதல் 16 ஹாட் வீல்ஸ் கார்களுள் ஒன்றான கஸ்டம் கமேரோவைத் தேட வேண்டும். சக்கரத்தில் சிவப்புக் கோடு கொண்ட அக்காலக் கார்களைச் சேகரிப்பாளர்கள் ‘ரெட்லைன்’ என்பார்கள். முதல் 16 கார்களின் அடித்தட்டில் அமெரிக்கா அல்லது ஹாங்காங் என்றுதான் இருக்கும். ஏமாற்று மிகுந்த இடமும் இதுவே. மெருகேற்றிய துத்தநாகத்தின் மேல் கண்ணாடி போன்ற வண்ணத்தைப் பூசியதால் அந்தக் கார்கள் மின்னின. காலப்போக்கில் அந்த வண்ணத்துக்கு அடியில் உலோகம் ஆங்காங்கே கறுத்துத் தெரிவது இயல்பு. ஐம்பது ஆண்டு கடந்த காரில் கறுப்பும் இல்லை, கீறலும் இல்லை என்றால், மறுபூச்சு நடந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். மறுபூச்சு செய்பவர் உடலையும் அடித்தட்டையும் பிரித்தாக வேண்டும். அதற்கு அவற்றைப் பிணைக்கும் உலோக ஆணியான ரிவெட்டின் தலையைத் துளையிட்டே தீர வேண்டும். எனவே ரிவெட்டுகளை மட்டும் அருகில் வைத்து எடுத்த படத்தைக் கேளுங்கள். தலை உருண்டு முழுதாக இருக்க வேண்டும். நடுவில் குழியோ, பசையின் பளபளப்போ, திருகோ தெரிந்தால் கார் திறக்கப்பட்டிருக்கிறது. படம் அனுப்பத் தயங்கும் விற்பனையாளரிடம் பேரம் பேசிப் பயனில்லை.

கேள்வி: 1:18 அளவில் (உண்மைக் காரின் பதினெட்டில் ஒரு பங்கு) 1969 டாட்ஜ் சார்ஜர் வாங்க விரும்புகிறேன். எர்ட்ல் நிறுவனத்தின் பழைய ‘அமெரிக்கன் மசில்’ மாடல் மலிவாகக் கிடைக்கிறது. வேறு நிறுவனத்தின் வரையறுத்த பதிப்பு (குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் தயாரானது), சான்றிதழுடன், பல மடங்கு விலையில் உள்ளது. எது தக்கது?

பதில்: முதலில் அலமாரியை அளந்துகொள்ளுங்கள். அந்தக் கார் ஏறக்குறைய 5.3 மீட்டர் நீளமுடையது. 1:18 அளவில் 29 சென்டிமீட்டருக்கு மேல் வரும். விலை வேறுபாட்டுக்கான காரணம் கதவைத் திறந்தால் தெரியும். எர்ட்ல் மாடல்களில் கதவின் கீல் வளைந்த தடித்த உலோகக் கை போல நீட்டிக்கொண்டிருக்கும். ஜிஎம்பி, ஏக்மி போன்றவற்றின் உயர்விலை மாடல்களில் கீல் மெலிந்திருக்கும், எஞ்சினில் ஒயர்களும் குழாய்களும் தனித்தனியே தெரியும். அந்த நுணுக்கத்துக்குப் பணம் கொடுப்பது நியாயம். சான்றிதழுக்குக் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். குறிப்பிட்ட எண்ணிக்கைதான் என்று பெட்டி சொல்வது பெரும்பாலும் அந்த ஒரு நிறத்துக்கு மட்டுமே பொருந்தும். அதே அச்சில் அடுத்த நிறம் வருவதை யாரும் தடுப்பதில்லை. வாங்கத் தீர்மானித்தால், சான்றிதழின் எண்ணும் அடித்தட்டில் எண் இருந்தால் அதுவும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். விவரத்தில் ‘ரெசின்’ என்று இருந்தால், அது உலோக வார்ப்பு இல்லை, கதவுகளும் பெரும்பாலும் திறக்கா என்று பொருள். அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு வரவழைப்பதாயின், சுங்கவரி பொருளின் விலையோடு அனுப்பும் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த மதிப்பின் மீது விதிக்கப்படுகிறது. கனமான 1:18 மாடலுக்கு இது சிறு தொகையாக இராது.

கேள்வி: பெட்டியிலேயே வைத்திருந்த மாடலின் கூரையில் குண்டூசித் தலை அளவில் கொப்புளங்கள் வந்துள்ளன. சரிசெய்ய முடியுமா? விற்கலாமா?

பதில்: கதவுகளையும் பானெட்டையும் திறந்து பாருங்கள். அவை முன்புபோல் எளிதாகத் திறந்தால், பூச்சுக்கு அடியில் சிக்கிய ஈரமோ காற்றோ காரணமாக இருக்கலாம். முன்பு பொருந்திய கதவு இப்போது இறுகினாலோ, கூரையைத் தாங்கும் தூண்களின் விளிம்பில் மயிரிழை வெடிப்பு ஓடினாலோ, உலோகமே வீங்குகிறது. இந்த மாடல்களை வார்க்கும் துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற மாசு சிறிதளவு கலந்தாலும் இந்த அரிப்பு உள்ளிருந்து வளரும். வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும், நிறுத்த வழியில்லை. மேலே வண்ணம் பூசி மறைப்பதால் பயனில்லை. விற்பதானால் கொப்புளங்களைப் படத்தில் காட்டி, உதிரிப் பாகங்களுக்கான விலை மட்டும் கேளுங்கள். சக்கரங்கள், கண்ணாடி, முன்கிரில் ஆகியவற்றுக்காகவே வாங்குவோர் உண்டு.